ராப்டர் 74, ராப்டர் 150, வெலோசிராப்டர் 300: மூன்றுமே 10,000 சுற்றுதானே, வேகம் மட்டும் ஏன் வேறு?

கேள்வி:
எக்ஸ்பி காலத்து விளையாட்டுகளுக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்துகொண்டிருக்கிறேன். எஸ்எஸ்டி வேண்டாம், அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் சத்தத்தோடு ஓட வேண்டும் என்று ஆசை. கையில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ராப்டர் 74 ஜிபி ஒன்றும், 2006இல் வந்த 150 ஜிபி ஒன்றும் இருக்கின்றன, இப்போது தெரிந்தவர் ஒருவர் 2008இல் வந்த வெலோசிராப்டர் 300 ஜிபியைத் தருகிறேன் என்கிறார். மூன்றும் நிமிடத்துக்கு 10,000 சுற்று. அப்புறம் எதனால் புதியது வேகம் என்கிறார்கள்? எதைப் போடலாம்?

பதில் 1:
சுற்று ஒன்றே என்பதால் காத்திருக்கும் நேரம் மாறாது. ஒரு சுற்றுக்கு 6 மில்லி விநாடி, வேண்டிய இடம் ஹெட்டுக்கு (தகவலைப் படிக்கும் முனைக்கு) அடியில் வர சராசரியாக அதில் பாதி, அதாவது 3. சாதாரண 7,200 டிஸ்கில் இது 4.17. 2003இன் முதல் 36 ஜிபி ராப்டரிலிருந்து 2012இன் 1 டிபி வரை அதே 3தான். மாறியது அடர்த்தி: உள்ளே சுழலும் ஒவ்வொரு தட்டுக்கும் 37 ஜிபி என்று இருந்தது 150 ஜிபி மாடலில் 75 ஆகி, உங்களுக்குக் கிடைக்கப்போகும் 300இல் 150 ஆனது, அதனால் அதே ஒரு சுற்றில் ஹெட்டுக்கு அடியில் ஓடும் தகவல் அதிகம், பெரிய ஃபைல்களைப் படிக்கும்போது இது நன்றாகவே தெரியும். தவிர வெலோசிராப்டருக்குள் இருப்பது 2.5 அங்குல டிஸ்க், சுற்றியிருக்கும் அலுமினியம் வெறும் ஹீட்சிங்க், சூட்டைக் கடத்தி வெளியேற்ற. தட்டு சிறியது என்றால் ஹெட்டைத் தாங்கும் கை நகரும் தூரமும் குறைவு. என் ஓட்டு 300க்குத்தான்.

பதில் 2:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் மதர்போர்டு எது என்று கேட்காமல் டிஸ்கைச் சொல்ல முடியாது. விஐஏ விடி8237 சிப் உள்ள பழைய போர்டுகள் 3 ஜிபிட் வேக சாட்டா (டிஸ்கை போர்டோடு சேர்க்கும் இணைப்பு) டிஸ்கை, அதை 1.5க்கு இறக்கி வைக்காவிட்டால், அடையாளமே காணாது. வெலோசிராப்டர் 3 ஜிபிட், ராப்டர் 150 வெறும் 1.5, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. 74ஐ விட 150இல் கேஷும் (டிஸ்கிலேயே உள்ள தற்காலிக நினைவகம்) இரண்டு மடங்கு, 16 எம்பி. எதைப் போட்டாலும் முதலில் ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் பட்டியல்) ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதி), பெண்டிங் செக்டர் (கெட்டிருக்கலாம் என்று சந்தேகத்தில் உள்ள பகுதி) இரண்டும் பூஜ்யமா என்று பாருங்கள், இருபது வருட டிஸ்க் இது.

கேள்வி கேட்டவர்:
போர்டைத் திறந்து பார்த்தேன், அதே விடி8237தான்! 150ஐப் போடுகிறேன். ரீஅலோகேட்டட் 0, பெண்டிங் 0. வெலோசிராப்டரையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன், அதற்கேற்ற போர்டு கிடைக்காமலா போகும். ரொம்ப நன்றி இருவருக்கும்.