இனக்கவர்ச்சிப் பொறியில ஒண்ணும் விழ மாட்டேங்குது, அவசரம்

செடிக்காரன்:
அவசரம்ங்க. பொறி வெச்சு நாளாச்சு, உருப்படியா ஒரு அந்துப்பூச்சி கூட விழல, ஆனா செடியில முட்டையும் புழுவும் நிறைய இருக்கு, லூர் (பெண் பூச்சி வாசம் ஏத்தின ரப்பர் துண்டு) புதுசு, பூச்சி விழற பை கிழியல, அப்புறம் ஏன் வரமாட்டேங்குது? சம்பந்தமில்லாத குட்டிப் பூச்சி ஒண்ணு ரெண்டு கிடக்கு, அவ்ளோதான். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

மஞ்சள்வண்டு:
என்ன பயிர், என்ன புழு, எந்தப் பூச்சியோட லூர்? இது தெரியாம எப்படிங்க சொல்றது? பச்சைக்காய்ப்புழு லூர் மாட்டிட்டு படைப்புழு வரலைன்னா அது வராதுதான்.

இரவுக்காவல்:
நிலா வெளிச்சமும் காரணமா இருக்கலாம். பௌர்ணமி ஒட்டி வரத்து குறையலாம். பேசாம விளக்குப்பொறி வைங்க.

தும்பி70:
நிலா வெளிச்சத்துல விளக்குப்பொறியிலயும் வரத்து குறையும், நன்மை செய்ற பூச்சியும் சேர்ந்து விழும் அண்ணே, எதுக்கெடுத்தாலும் அதையே சொல்லாதீங்க. செடிக்காரன், லூர் பாக்கெட்டை எங்க வெச்சிருந்தீங்க? வெயில்ல கிடந்தா ரப்பர்ல இருக்குற மருந்து ஆவியாப் போயிரும். பிரிக்காம குளிர்ல வெக்கணும், மாட்டினதும் மூணு நாலு வாரத்துல மாத்தணும்.

பழையவேர்:
இதே கேள்வி திரும்பத் திரும்ப வருது, பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. அடிப்படை தெரியாம பொறி வெச்சா இப்படித்தான். பெண் பூச்சி ராத்திரியில வயித்து நுனியில இருக்குற சுரப்பியை வெளிய நீட்டி வாசம் விடும். ஆண் அதை உணர்கொம்புல பிடிச்சு காத்துக்கு எதிரா இப்படியும் அப்படியுமா வளைஞ்சு பறந்து வரும். வாசம்னா ஒரே பொருள் இல்ல, கலவை. பச்சைக்காய்ப்புழுவுல முக்கியமா ஆல்டிஹைட் வகை வேதிப்பொருள் ரெண்டு, கிட்டத்தட்ட 97க்கு 3ங்கிற விகிதத்துல. ஐரோப்பிய மக்காச்சோளத் துளைப்பான்ல இன்னும் தெளிவாத் தெரியும், ஒரே ரெண்டு பொருள்தான், ஒரு வகைக்கு 97க்கு 3, இன்னொரு வகைக்கு அப்படியே தலைகீழா 1க்கு 99. ஒரு வகையோட ஆண் இன்னொரு வகைப் பெண்ணைத் தேடிப் போறது ரொம்ப அபூர்வம். ஸ்வரம் ஒண்ணுதான், ராகம் வேற. இதைப் புரிஞ்சுக்கிட்டு வந்து கேளுங்க.

மஞ்சள்வண்டு:
விஷயம் சரி சார், ஆனா கேக்க வந்தவரை ஏன் திட்றீங்க? அவர் இன்னும் பயிரே சொல்லல.

செடிக்காரன்:
தக்காளி. லூர் ரெண்டும் போட்டிருக்கேன்.

மஞ்சள்வண்டு:
ரெண்டும்னா? ரெண்டு பொறியா, ஒரே பொறியில ரெண்டு லூரா?

இரவுக்காவல்:
அவர் வரட்டும். பழையவேர் சொன்னது பட்டாம்பூச்சிக்கும் அப்படியே பொருந்தும், அதுலயும் பெண் வாசம் விட்டு ஆணைக் கூப்பிடும், எல்லாம் ஒரே குடும்பம்தானே.

தும்பி70:
இல்லவே இல்ல. பட்டாம்பூச்சி பகல்ல பறக்குது, முதல்ல கண்ணுதான் வேலை செய்யும், சிறகு நிறமும் பறக்குற விதமும் பார்த்துதான் ஆண் துரத்தும். கிட்ட போனப்புறம் வாசம் விடுறது பெரும்பாலும் ஆண்தான், தன் இனமா இல்லையான்னு பெண் அதை வெச்சு முடிவு பண்ணும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட ஆண்கள் காய்ஞ்ச கிலுகிலுப்பைச் செடியில கூட்டமா உக்காந்து உறிஞ்சுறதைப் பார்த்திருப்பீங்க, அதுல இருக்குற ஆல்கலாய்டை (செடியில இருக்குற ஒரு வகை வேதிப்பொருள்) வெச்சுத்தான் அந்த வாசத்தைத் தயாரிக்குது. எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

இரவுக்காவல்:
ஹெலிகோனியஸ்ங்கிற பட்டாம்பூச்சிப் பேரினத்துல சில இனங்கள்ல, பெண் வெளிய வர்றதுக்கு முன்னாடியே கூட்டுப்புழுவைத் தேடி வந்து ஆண் காத்துக் கிடக்கும், அதுல வாசத்துக்கும் பங்கு உண்டு. அதுக்கு என்ன சொல்றீங்க?

தும்பி70:
அது ஒரு சில இனம். அதை வெச்சு எல்லாத்துக்கும் பேச முடியாது.

பழையவேர்:
ரெண்டு பேரும் பாதி பாதி சொல்றீங்க. அந்துப்பூச்சியிலயும் பல இனத்துல ஆண் கிட்ட வந்ததும் தன் மயிர்க்கற்றையை விரிச்சு வாசம் விடும். முதல் இனக்கவர்ச்சிப் பொருளைக் கண்டுபிடிச்சதே பட்டுப்பூச்சியிலதான், ஜெர்மன் வேதியியலாளர் பூட்டெனாண்ட்டோட குழு 1959ல, சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகள்ல இருந்து எடுத்தாங்க. அவ்வளவு நுண்ணிய அளவுல வேலை செய்ற பொருள் இது.

செடிக்காரன்:
ஒரே பொறிதான். பச்சைக்காய்ப்புழுவுக்கு ஒண்ணு, புரோடீனியாவுக்கு (புகையிலை வெட்டுப்புழு) ஒண்ணு, ஒரே மூடியில மாட்டியிருக்கேன்.

மஞ்சள்வண்டு:
அங்கதான் இருக்கு வில்லங்கம். ஆணோட உணர்கொம்புல தன் இனத்து வாசத்துக்கு மட்டும் இல்ல, வேற இனத்து வாசத்துக்கும் தனியா நரம்பு செல் இருக்கும், அது தூண்டப்பட்டா 'இது நம்ம பெண் இல்ல'ன்னு பூச்சி பாதியிலயே திரும்பிடும். ரெண்டு லூரும் ஒட்டி இருந்தா காத்துல ஒரே கலவையாத்தான் போகும். தனித்தனிப் பொறி வாங்குங்க, நல்லா தள்ளி வைங்க, பயிர் உயரத்துக்கு ஒரு அடி மேல இருக்கட்டும். ஒரு லூரைத் தொட்ட கையோட இன்னொண்ணைத் தொடாதீங்க, கையுறை மாத்துங்க. பழைய மூடியில ரெண்டு வாசமும் ஒட்டியிருக்கும், அதைத் திரும்பப் போடாதீங்க.

இரவுக்காவல்:
நிலாவையும் பார்த்துக்கோங்க.

செடிக்காரன்:
பிரிச்சு வெச்சேன். பச்சைக்காய்ப்புழு பொறியில ஆண் பூச்சி நல்லா விழுது. நன்றி எல்லாருக்கும்.

மஞ்சள்வண்டு:
புரோடீனியா பொறி என்னாச்சு? விழறது ஆண் மட்டும்தான், ஏற்கனவே சேர்ந்த பெண் முட்டை வெச்சுக்கிட்டேதான் இருக்கும். புரோடீனியா முட்டைக் குவியலா இலைக்கு அடியில, மேல பழுப்பு ரோமம் மூடினாப்ல இருக்கும், பார்த்ததும் கிள்ளி அழிச்சிருங்க. பச்சைக்காய்ப்புழு ஒவ்வொண்ணா தனித்தனியா வெக்கும், அது கண்ணுல படுறது கஷ்டம்.