கிளாஸ் டி ஆம்ப்: அடாப்டரை மாற்றினால் போதுமா?

வணக்கம் நண்பர்களே. பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) புகைந்து போனதும் சென்னை ரிச்சி தெருவில் டிபிஏ3116 சிப் போட்ட சின்ன கிளாஸ் டி போர்டு ஒன்று வாங்கினேன். கிளாஸ் டி என்றால் சிக்னலை வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும், அதிகம் சூடாகாத வகை. உள்ளங்கை அளவுதான். ஸ்பீக்கர்கள் 8 ஓம், அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர். மெதுவாக வைத்தால் வீணைத் தந்தியின் அதிர்வுகூடத் தெளிவாகக் கேட்கிறது. வால்யூம் பாதியைத் தாண்டினால், தவில் அடி ஒவ்வொன்றுக்கும் போர்டின் நீல விளக்கு மங்கி, சத்தம் கரகரக்கிறது.

கணக்குப் போட்டால் 12 வோல்ட்டில், 8 ஓமுக்கு, சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கு) 9 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. இந்தச் சிப்புக்குச் சொல்லும் 50 வாட் என்பது 21 வோல்ட், 4 ஓம் கணக்கு. அதைப் பெட்டியில் யார் எழுதுகிறார்கள்! கைவசம் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் லேப்டாப் சார்ஜர் இருக்கிறது. சிப் 26 வோல்ட் வரை ஏற்கும். போர்டின் கெப்பாசிட்டர்களில் தாங்கும் அளவு 25 வோல்ட் என்று இருக்கிறது. பயமில்லாமல் போடலாமா?

அப்புறம், ஒரு சப்வூபர் (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) சும்மா கிடக்கிறது. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் வகை. ஆனால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அதன் இடது, வலது மைனஸ் இரண்டும் உள்ளே ஒன்றாகவே இருக்கின்றன. இந்த ஆம்பில் மைனஸும் சிக்னல்தான், கிரவுண்ட் இல்லை; இரண்டையும் சேர்த்தால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் மாட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆம்புக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரை ஆம்புக்கு முன்பே பிரித்து சப்வூபருக்கும் கொடுப்பதுதான் வழியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.