வால்வு ரேடியோ: பத்து நிமிஷத்தில் குரல் கரகரக்கிறது, ஈ.எல்.84 சிவக்கிறது

கேள்வி (ராயபுரம்)
வணக்கம் அண்ணா. மரப்பெட்டி ஏசி செட், லேபிள் கிழிந்துபோயிருக்கிறது. உள்ளே ஐந்து வால்வு: ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.பி.சி.81, ஸ்பீக்கரை ஓட்டும் ஈ.எல்.84, ஏசியை டிசி ஆக்கும் ஈ.இசட்.80. போட்டதும் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை ஏ வானொலி தெளிவாக வருகிறது. பத்து நிமிஷத்தில் குரல் கரகரக்கிறது, ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) ஏறுகிறது, ஈ.எல்.84-இன் உள்தகடு மங்கலாகச் சிவக்கிறது. ஹம்மை வடிகட்டும் மெயின் கண்டன்சருக்கு 100 மைக்ரோஃபாரட் போட்டால் சரியாகுமா? எந்தக் காலத்து செட் இது?

பதில் (பெரம்பூர்)
தகடு சிவந்தால் உடனே ஆஃப் பண்ணுங்க தம்பி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகினால் அதே அளவில் கிடைப்பது கஷ்டம். 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டுத் தொடங்குங்கள். ஷார்ட் இல்லை என்று தெரிந்தபின் பல்பை எடுத்துவிட்டு, சேசிஸுக்கும் (உலோகச் சட்டம்) ஈ.எல்.84-இன் 2-ஆம் பின்னுக்கும் டிசி வோல்ட் பாருங்கள். அது வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட், 0 இருக்கணும். 3-ஆம் பின் எலக்ட்ரான் புறப்படும் கேத்தோடு, 135 ஓம் ரெசிஸ்டன்ஸோடு 7 வோல்ட் சுமார். டிஜிட்டல் மீட்டரே வேண்டும். பழைய முள் மீட்டர் கிரிட் வோல்டை இழுத்துக் குறைத்துக் காட்டும்.

பதில் (தண்டையார்பேட்டை)
100 வேண்டாம். ஈ.இசட்.80-க்கு அடுத்த முதல் கண்டன்சருக்கு 50 மைக்ரோஃபாரட்தான் உச்சம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சார்ஜ் கரண்ட் எகிறி, வால்வுக்குள் பொறி பறக்கும்.

காலம் வால்வு பெயரிலேயே இருக்கிறது. 'ஈ' என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர். 'யூ' என்றால் 100 மில்லியாம்பியர் சீரீஸ் ஹீட்டர், ஏசி/டிசி செட். 80 வரிசை ஒன்பது பின் சாக்கெட். ஈ.எல்.84 வந்தது 1953-இல், எனவே அதற்கு முந்தைய செட் அல்ல. அதற்கு முன் இந்த இடத்தில் இருந்தது எட்டு பின் ஈ.எல்.41.

கேள்வி (ராயபுரம்)
பார்த்தேன். கிரிட்டில் +5, கேத்தோடில் 10 வோல்ட்.

பதில் (பெரம்பூர்)
10-ஐ 135-ஆல் வகுத்தால் 74 மில்லியாம்பியர். ஈ.எல்.84-இன் உச்ச கேத்தோடு கரண்ட் 65. மற்ற வால்வுகளும் சேர்ந்தால் ஈ.இசட்.80-இன் உச்சமான 90-ஐயும் தாண்டும். ஹம்முக்கும் இதுதான் காரணம்.

ஈ.பி.சி.81 ஆனோடிலிருந்து இந்தக் கிரிட்டுக்கு வரும் மெழுகு பூசிய 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டன்சர்தான் சந்தேகம். கடல்காற்றின் ஈரம் காகிதத்தில் ஏறி, சூடானதும் கசிவு கூடும். கிரிட்டைச் சேசிஸோடு சேர்க்கும் ரெசிஸ்டன்ஸ் (கிரிட் லீக்) 680 கிலோ ஓம் என்றால் 7 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே 5 வோல்ட். மீட்டரின் ஓம் ரேஞ்சில் இது தெரியாது.

உறுதி செய்ய, ஆஃப் செய்து, 10 கிலோ ஓம் 5 வாட் வழியே மெயின் கண்டன்சரை டிஸ்சார்ஜ் பண்ணி, அந்த 0.01-இன் கிரிட் பக்கக் காலை மட்டும் கழற்றுங்கள். செட்டைத் திரும்ப ஆன் பண்ணியதும் கிரிட் 0-இல் நின்றால் கண்டன்சர்தான். கழற்றியும் மெல்ல ஏறினால் வால்வே போய்விட்டது. ரிச்சி தெருவில் 103 என்று குறித்த 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் கேளுங்கள். 100 வோல்ட் ரகத்தை வாங்காதீர்கள். ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர் கோர்களைத் திருப்பிவிடாதீர்கள், அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி (ராயபுரம்)
காலைக் கழற்றியதும் கிரிட் 0. புதுசு போட்டேன், கேத்தோடு 7.2 வோல்ட். ஒரு மணி நேரமாகச் சிவப்பு இல்லை, ஹம்மும் இறங்கிவிட்டது. நன்றி அண்ணா.

பதில் (தண்டையார்பேட்டை)
பின்பக்க வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். 220-இல் இருந்து, வீட்டில் 240 வந்தால் ஹெச்.டி.யும் (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்ட்) ஹீட்டரும் ஒன்பது சதவீதம் ஏறும். 245-க்கு மாற்றுங்கள்.