புதுப்பிப்பு: மிதந்துகொண்டிருந்த எல்என்கேப் செல்கள் ஒட்டிக்கொண்டன

மூன்று வாரத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: பெங்களூரு ஆய்வகத்தில் நான் வளர்க்கும் எல்என்கேப் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள் குடுவையின் அடியில் ஒட்டாமல் கொத்துக் கொத்தாக மிதக்கின்றன, என்ன செய்வது என்று.

குற்றவாளி நான்தான். பிசி-3 என்ற இன்னொரு வகைப் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்லை வளர்த்துப் பழகிய கை. தினமும் இரண்டு வேளை குடுவையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்த பிசி-3 இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். 1977இல் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுக்கப்பட்ட எல்என்கேப் பொறுக்காது. லேசாகத்தான் ஒட்டும், இரட்டிப்பாகவே இரண்டரை நாள் பிடிக்கும்.

"விதைத்த நெல்லைத் தினமும் தோண்டிப் பார்ப்பாயா?" என்று கேட்டார் எங்கள் ஆய்வகத்து மதுரை அக்கா. இம்முறை, செல்கள் ஒட்ட உதவும் பாலி-லைசின் பூசிய குடுவையில் சற்று அடர்த்தியாக விதைத்து, 48 மணி நேரம் தொடவே இல்லை. பிறகு செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை மாற்றியபோதும் பாதியை மட்டும், சுவரோரமாக, மெதுவாக. ஒட்டிக்கொண்டன! சீரான விரிப்பாக அல்ல, தீவு தீவாக. அது அவற்றின் சுபாவம்.

பிசி-3யிலேயே வேலையை முடிக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். என் கேள்வி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் பற்றியது. எல்என்கேப் அதற்கு இணங்கி வளரும், பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதத்தையும் சுரக்கும். பிசி-3 ஆண்ட்ரோஜனைச் சட்டைசெய்யாது. அடுத்த வாரம் ஊட்டத் திரவத்தில் சேர்க்கும் சீரத்தை (ரத்தத்தின் தெளிநீர்), கரியால் ஹார்மோன் நீக்கிய வகைக்கு மாற்றுகிறேன். அதில் இன்னும் மெதுவாக வளரும். அதனால் ஊருக்குப் போட்டிருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.