புதுப்பிப்பு: பீட்டாவா, கேலா? ஹேமிட்ச் கதையைப் படித்த பிறகு

சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' நாவல் தொடரில், பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்குப் போகும் நாயகி காட்னிஸ், கடைசியில் தன்னோடு போட்டிக்குப் போன பீட்டாவோடு சேர்வதுதான் சரி என்று முன்பு எழுதியிருந்தேன். அவளுடைய பழைய நண்பன் கேலுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று பலர் சண்டைக்கே வந்தீர்கள். இப்போது, காட்னிஸுக்கும் பீட்டாவுக்கும் போட்டியில் வழிகாட்டிய ஹேமிட்சின், 2025இல் வந்த முன்கதையையும் முடித்துவிட்டேன். (கதை முடிவுகளைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் கடைசி வரிக்குத் தாவிவிடுங்கள்.)

என் கருத்து இன்னும் உறுதியாகிவிட்டது. கேல் கெட்டவன் இல்லை. ஆனால் போரில் முதல் குண்டு வெடித்ததும் உதவிக்கு ஓடிவருபவர்களைக் கொல்ல இரண்டாவது குண்டு என்ற யோசனையில் அவனுக்குப் பங்குண்டு. காட்னிஸின் தங்கை பிரிம் அப்படித்தான் சாகிறாள். அது தன் குண்டுதானா என்று அவனுக்கே தெரியாது. அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு காட்னிஸ் எப்படி அவனோடு வாழ்வாள்?

என்னை உலுக்கியவன் ஹேமிட்ச்தான். 16 வயதில், 50ஆவது போட்டிக்கு 48 பேரில் ஒருவனாகப் போகிறான். பிழைத்து ஊர் திரும்பினால் அம்மா, தம்பி, காதலி லெனோர் டவ் என்று எல்லோரையும் இழக்கிறான். உடனே முதல் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். டிவியில் நாடே பார்க்கும் போட்டியின் நடுவே, குகையில் காட்னிஸ் பீட்டாவை முத்தமிட்டதும் வெளியிலிருந்து ஹேமிட்ச் சூப் அனுப்பும் காட்சி! காதலைப் பறிகொடுத்தவன், ஊருக்குக் காதலைக் காட்டியே இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறான். 17 வருடம் கழித்து ஒரு பழைய காட்சிக்கு இவ்வளவு கனம் சேர்க்க சூசன் காலின்ஸால் முடிந்திருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்கள் முன்கதையில் தொடங்க வேண்டாம். 2008இல் வந்த முதல் புத்தகத்திலிருந்தே போங்கள்.