குளூட்1 எதிர்ப்பொருள்: வெஸ்டர்ன் பிளாட்டில் தெளிவான பட்டை கிடைக்காதது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஹீலா எனும் மனிதப் புற்றுநோய்ச் செல்களின் சவ்வில் குளுக்கோஸைக் கடத்தும் குளூட்1 புரதத்தை, அதன் கார்பாக்சில் முனைக்கு எதிராக முயலில் உருவாக்கப்பட்ட பாலிகுளோனல் (பல வகை எதிர்ப்பொருள்கள் கலந்த) எதிர்ப்பொருளைக் கொண்டு வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் முறை) காண முயல்கிறேன். மாதிரியை லாம்லி பஃபரில் (புரதத்தின் மடிப்பை அவிழ்க்கும் கரைசல்) கலந்து, 95 டிகிரியில் சூடாக்கிய பிறகே ஜெல்லில் ஏற்றுகிறேன். 54 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே மங்கலான இழுவல் மட்டுமே தெரிகிறது. ஜெல்லின் உச்சியில், கிணற்றை ஒட்டி, அடர்ந்த கறை நிற்கிறது. ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் ஆக்டின் புரதத்தின் பட்டையில் குறையில்லை. வேறு எதிர்ப்பொருள் வாங்க வேண்டுமா?

பதில் 1:
அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். சிக்கல் எதிர்ப்பொருளில் அன்று, சூட்டில் இருப்பதையே உச்சியில் நிற்கும் அந்தக் கறை காட்டுகிறது. குளூட்1 சவ்வை 12 முறை ஊடுருவும் புரதம் என்பதால், அதிகச் சூட்டில் அதன் நீர்வெறுப்புப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஜெல்லுக்குள் இறங்க முடியாமல் தங்கிவிடுகின்றன. நீரில் கரையும் ஆக்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) மூன்றாகப் பிரித்து, ஒன்றைச் சூடாக்காமலும், ஒன்றை 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தும், மற்றதை வழக்கம்போல் 95 டிகிரியில் சூடாக்கியும் அடுத்தடுத்த கிணறுகளில் ஓட்டிப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அதற்குப் பிறகும் பட்டை சற்று அகன்றே வரும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். 45ஆம் இடத்து அஸ்பராஜினில் இணைந்துள்ள சர்க்கரைத் தொடர் எல்லா மூலக்கூறுகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மூளையிலேயே நுண்குழாய்ச் செல்களில் 55 கிலோடால்டன் அளவிலும், நரம்புத் துணைச் செல்களில் 45 அளவிலும் இதே புரதம் தெரிகிறது. பிஎன்கேஸ் எஃப் நொதியால் சர்க்கரையை வெட்டினால் பட்டை கீழிறங்கிக் கூர்மையாகும். எனினும், அது சர்க்கரை ஏறிய புரதம் என்பதற்கு மட்டுமே சான்று. குளூட்1தான் என்று உறுதியாகச் சொல்ல, அதை உருவாக்கும் எஸ்எல்சி2ஏ1 மரபணு நீக்கப்பட்ட செல்லில் அந்தப் பட்டை மறைய வேண்டும். இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நேர்மறைக் கட்டுப்பாட்டுக்கு (புரதம் நிச்சயம் இருக்கும் ஒப்பீட்டு மாதிரிக்கு) மனிதச் சிவப்பணுச் சவ்வு மிகவும் ஏற்றது. வளர்ந்த சுண்டெலியின் சிவப்பணுவை எடுத்துவிடாதீர்கள். அதில் குளூட்1 ஏறத்தாழ இல்லை.

பதில் 3:
இதே எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தோடு நுண்ணோக்கியில் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கார்பாக்சில் முனை செல்லின் உட்புறம் இருப்பதால், சவ்வைத் துளைக்காத செல்லில் சமிக்ஞை வராது. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் முறை) உயிருள்ள செல்லின் மேற்பரப்பை அளப்பதற்கும் இது உதவாது. அதற்கு வெளிப்புற வளையத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்தான் வேண்டும்.