கிளேர் பாகப்பிரிவினை: உங்களை இன்னும் உறுத்துற பதிவு எது?

ஏட்டுப்புழு
பன்னாக்பர்ன் போர், 1314, குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர் போயாச்சு, பிள்ளை இல்ல, சொத்தைப் பிரிச்சுக்க மூணு தங்கச்சிங்க. இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, நேரா வர்றேன். கடைசித் தங்கச்சி எலிசபெத் டி பர்கோட பங்கைத் தேடி, இறந்தவங்க சொத்து விசாரணைகளோட அச்சுத் தொகுப்பைப் புரட்டிக்கிட்டிருந்தேன். வாரிசு யாருன்னு மாவட்டவாரியா ஜூரிகள் சத்தியம் பண்ணிச் சொல்றாங்க. எலினார் சரி, மார்கரெட் சரி. மூணாவது பேரு சில இடத்துல இசபெல்! விரல் அந்த வரியிலேயே நின்னுபோச்சு. இசபெல்னு ஒருத்தி நிஜமாவே இருந்தா, ஆனா கில்பர்ட்டோட அப்பாவுக்கு மூத்த தாரத்து மக. 1290ல அப்பங்காரர் நிலத்தை எல்லாம் முதலாம் எட்வர்டுகிட்ட ஒப்படைச்சு, ராஜா மக ஜோனைக் கட்டி, ரெண்டு பேர் பேர்லயும், அவங்க பிள்ளைங்களுக்குன்னு திரும்ப வாங்கினாரே, அப்பவே மூத்த தாரத்துப் பொண்ணுங்களுக்குக் கதவு சாத்தியாச்சு. பிறகு எப்படி இந்தப் பேரு? தெரியாம சொன்னாங்களா, யாராவது சொல்ல வச்சாங்களா?

தேம்ஸ்கரையான்
ஒரு பேருக்கா இவ்வளவு? எழுத்தர் கோளாறு, அவ்வளவுதான். கில்பர்ட்டோட விதவை மாட் விஷயத்தைப் பாருங்க. புருஷன் செத்தது 1314 ஜூன். மாசமா இருக்கேன்னாங்க. பங்கு கிடைக்காத கடுப்புல எலினாரோட புருஷன் ஹியூ டெஸ்பென்சர் 1315ல டன்பிரிட்ஜ் கோட்டையையே பிடிச்சுட்டார். 1316ல நாடாளுமன்றத்துல போய், பேறுகாலம் எப்பவோ தாண்டிப்போச்சே, எங்க பங்கைக் கொடுங்கன்னு நிக்கிறார். நீதிபதிகள் என்ன சொன்னாங்க தெரியுமா? சான்சரியில, அதாவது ராஜாவோட ஆணை எழுதற அலுவலகத்துல, ரிட் வாங்கி, நல்ல நைட்டுகளையும் பொம்பளைங்களையும் வச்சு வயித்தைச் சோதிச்சிருக்கணும், செய்யாதது உன் குத்தம்னு! ரயில்ல படிச்சுட்டு வாய்விட்டுச் சிரிச்சேன், எதிர் சீட்டு அம்மா முறைச்சாங்க. பிரிக்காத வரைக்கும் வருமானம் ராஜா கையில, இழுத்தடிக்க ஒரு பேர்க் குழப்பமும் சாக்குதான். இது புரிஞ்சா உங்க இசபெல்லும் புரியும்.

இப்ஸ்விச் பாட்டி
நான் ஆவணம் படிக்கிறவள் இல்லை. பேரனோடு சஃபோக்கில் எலிசபெத்தின் கிளேர் கோட்டைக்குப் போனேன். கோட்டை என்று பெயர்தான். மேட்டின் உச்சியில் ஒரு துண்டுச் சுவர், கீழே கோட்டை முற்றத்துக்குள்ளேயே பழைய ரயில் நிலையம். நடைமேடையில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது, “அந்தப் பாட்டிக்கு அப்புறம் இது யாருக்குப் போச்சு?” என்றான். எலிசபெத்தின் மகன் வில்லியம் 1333இலேயே கொலையாகிவிட்டான், அவனுடைய ஒரே மகள் லயனல் இளவரசருக்கு மனைவி, அவர்களுக்கும் பிலிப்பா ஒருத்திதான், அவள் மார்ட்டிமர் வீட்டுக்குப் போனாள், பிறகு ஆன் மார்ட்டிமர் வழியாக யார்க் குடும்பம், 1461இல் நாலாம் எட்வர்டு முடிசூடியதும் ராஜாவுக்கே வந்துவிட்டது என்றேன். “பொண்ணு பொண்ணாவே போகுதே” என்று சொல்லிவிட்டு என் பங்கு சிப்ஸையும் எடுத்துக்கொண்டான்.

வில்லங்கச்சான்று
கியூ ஆவணக் காப்பகத்தில் எலிசபெத் வீட்டுக் கணக்குச் சுருள் ஒன்றை விரித்துப் பார்த்திருக்கிறேன். ரொட்டி, ஏல் பீர், மீன் என்று போகிறது. அதில் என் கதை ஒன்றுமில்லை. ஆனால் மேலே எழுதியவர்கள் கவனிக்க: 1317 நவம்பர்ப் பாகப்பிரிவினைப் பட்டியலை முழுச் சொத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மாட் கையில் விதவைப் பங்காக இருந்தது. அவர் 1320இல் இறந்த பிறகுதான் அது பிரிந்தது. இரண்டாவது, எலிசபெத்துக்குப் புருஷர்கள் மூவர்: ஜான் டி பர்க், 1316இல் பிரிஸ்டலிலிருந்து இவரைத் தூக்கிக்கொண்டு போன வெர்டன், பிறகு டாமரி. அந்தப் பக்கம் வந்த விதவைப் பங்கையும் பிறந்த வீட்டுப் பங்கையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். ஒரே தாளில் போட்டால் சாம்பாரும் ரசமும் ஒரே ஏனத்தில் ஊற்றிய மாதிரிதான். மூன்றாவது, 1322க்குப் பிறகு எந்த நிலப்பட்டியலையும் அப்படியே நம்பக் கூடாது. டாமரி ராஜாவுக்கு எதிரான கலகத்தில் செத்ததும் எலிசபெத்தை பார்க்கிங் (Barking) கன்னிமடத்தில் அடைத்தார்கள். வேல்ஸில் இருந்த அஸ்க் (Usk) நிலத்தைக் கொடுத்துவிட்டு மதிப்புக் குறைந்த கவர் (Gower) நிலத்தை வாங்கிக்கொள்ள வைத்தார்கள்; கடைசியில் அதுவும் டெஸ்பென்சர்கள் கைக்கே போனது. 1326 மேயில் கிளேரில் அவர் ரகசியமாக எழுதி வைத்த ஆட்சேபப் பத்திரத்தை முதலில் படியுங்கள். அப்புறம்...

ஏட்டுப்புழு
சார், யோசனை யாரும் கேக்கல. நான் கேட்டது இசபெல். தேம்ஸ்கரையான், எழுத்தர் கோளாறுன்னா ஒரு மாவட்டத்துல வரணும், பல இடத்துல எப்படி? இன்னொண்ணு, மாட் ஒண்ணும் அசலூர் ஆள் இல்ல. 1308ல வால்த்தம் மடத்துல அடுத்தடுத்த நாள் ரெண்டு கல்யாணம்: கில்பர்ட்டுக்கு மாட், மாட் கூடப்பிறந்த ஜான் டி பர்குக்கு எலிசபெத், பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். எலிசபெத்துக்கு அவங்க அண்ணியும் ஆச்சு, நாத்தனாரும் ஆச்சு. வயிறு விஷயம் வீட்டுக்குள்ள தெரியாமலா இருந்திருக்கும்?

தேம்ஸ்கரையான்
தெரிஞ்சிருந்தா டெஸ்பென்சர் நாடாளுமன்றத்துல போய் ஏன் கத்தணும்? மச்சினிச்சியையே சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பாரே.